பல்வகைக் குறைபாடுள்ள பிள்ளை உங்கள் வகுப்பில் சேர்ந்தால்: பாடத்திட்டம் தயாரிக்க ஒரு வழிகாட்டி

ஜூன் மாதம் பள்ளி திறந்து இரண்டு நாள் ஆகியிருக்கும். ஒரு அம்மா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு உங்கள் வகுப்பு வாசலில் நிற்பார். ஏழு வயது. நடக்க முடியாது, பேச்சு வரவில்லை, பார்வை எவ்வளவு என்று யாருக்கும் சரியாகத் தெரியாது, நடுநடுவே வலிப்பும் உண்டு. தலைமையாசிரியர் உங்களைப் பார்ப்பார், நீங்கள் உட்கார்ந்திருக்கும் 24 பிள்ளைகளைப் பார்ப்பீர்கள். எனக்கு அப்படித்தான் தொடங்கியது. நான் ஒரு அரசு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. அந்தப் பிள்ளையை அவள் அம்மா பாப்பா என்று கூப்பிடுவார், நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்.

முதல் ஐந்து மாதம் நான் செய்தது தப்பு. இரண்டாம் வகுப்புப் பாடத்தை எடுத்துப் பாதியாக்கினேன். அதுவும் முடியவில்லை என்றதும் கால்வாசியாக்கினேன். கடைசியில் புள்ளி வைத்த 'அ' மட்டும் மிஞ்சியது. தினமும் அவள் கையைப் பிடித்து அதன்மேல் எழுதவைத்தேன். நவம்பரில் தாள்களை அடுக்கிப் பார்த்தபோது 43 இருந்தன. நாற்பத்து மூன்றிலும் என் கையெழுத்துதான் இருந்தது. வெள்ளைத் தாளில் மெல்லிய சாம்பல் புள்ளிகள் அவள் கண்ணுக்குத் தெரியவே தெரியாது என்பது அப்புறம் கண் பரிசோதனையில்தான் தெரிந்தது. ஐந்து மாதம் அந்தப் பிள்ளைக்கு வீணாய்ப் போனது. உங்கள் பிள்ளைக்கு அப்படிப் போகக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாடப்புத்தகத்தைச் சுருக்கிக்கொண்டே போனால் இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது. பிள்ளையின் ஒரு நாளை முதலில் எடுங்கள். அந்த நாளில் அவளுக்கு என்ன தேவை என்று பார்த்து, அதைக் கொண்டுபோய் வகுப்புப் பாடத்தோடு கோர்த்துவிடுங்கள். கீழே உள்ள எல்லாப் படிகளும் இதைச் செய்வதற்குத்தான்.

1. முதல் பத்து நாள்: எதையும் கற்றுக்கொடுக்காமல் கவனியுங்கள்

ஒரு 40 பக்க நோட்டுப் போதும். மூன்று பத்தி போடுங்கள்: மணி, என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தாள். "அழுதாள்", "சிரித்தாள்" என்று எழுதாதீர்கள். உடம்பில் பார்த்ததை எழுதுங்கள். தலை எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கை அசைந்தது, எவ்வளவு நேரம் கழித்து அசைந்தது என்று.

என் நோட்டில் இருந்து நான்கு வரி:

காலை 9.40 – பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அசைவு இல்லை. கண் பாதி மூடி இருக்கிறது.
11.15 – மஞ்சள் துப்பட்டாவோடு ஐந்தாம் வகுப்புப் பெண் கடந்து போனாள். பாப்பாவின் கண் அவள் பின்னாலேயே போனது.
12.20 – சத்துணவுக் கூடத்தில் பாத்திர மூடி விழுந்த சத்தம். தலை இடப்பக்கம் திரும்பியது, வாய் திறந்தது.
2.05 – பாட்டு. இடது மணிக்கட்டு மேலும் கீழும் அசைகிறது, பாட்டு நின்றதும் நிற்கிறது.

பத்து நாள் முடிவில் எனக்கு மூன்று விஷயம் புரிந்தது. வலிப்பு மாத்திரையின் மயக்கம் காலை பத்தரை வரை இருக்கிறது. அசைகிற பொருளும் மஞ்சளும் அவளுக்குத் தெரிகின்றன. இடது மணிக்கட்டு அவள் சொல்பேச்சைக் கேட்கிறது. எந்தச் சான்றிதழிலும் இவை இல்லை.

எச்சரிக்கை: கேள்வி கேட்டுவிட்டு நாம் காத்திருப்பதில்லை. நான் மூன்று நொடியில் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவேன். ஒருநாள் வேண்டுமென்றே மனதுக்குள் எண்ணிக்கொண்டு நின்றேன். பதினான்கு என்று எண்ணும்போது பாப்பா கண்ணை டம்ளர் பக்கம் நகர்த்தினாள். அதற்கு முன்னால் எத்தனையோ முறை அவள் பதில் சொல்லத் தொடங்கும்போதே நான் போயிருக்கிறேன்.

2. காகிதங்கள்: கவனிக்கும் அதே பத்து நாளில் தொடங்குங்கள்

காகிதம் மெதுவாக நகரும். அதனால் முதல் வாரத்திலேயே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு பிளாஸ்டிக் கோப்பில் இவை இருக்க வேண்டும்:

- மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, அதாவது யு.டி.ஐ.டி. அட்டை, அல்லது அதற்கு விண்ணப்பித்த ரசீது
- ஆதார், பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை நகல்கள்
- கண் பரிசோதனை அறிக்கை, காது கேட்கும் திறன் அறிக்கை
- வலிப்புக்கு என்ன மருந்து, எந்த நேரம், எவ்வளவு அளவு என்ற மருத்துவச் சீட்டு
- பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், குறைந்தது எட்டு

யு.டி.ஐ.டி. அட்டைக்கு ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணம் கிடையாது. இ-சேவை மையத்தில் செய்தால் சேவைக் கட்டணம் மட்டும் ஆகும். அப்புறம் மாவட்ட அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு பார்க்கும். 2024 அக்டோபரில் திருத்திய விதிப்படி இதற்கு மூன்று மாதம் வரை ஆகலாம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் (சமக்ர சிக்ஷா) சார்பில் வட்டார அளவில் மருத்துவ முகாம் நடக்கும். முகாம் தேதியை வட்டார வள மையத்தில் கேட்டு வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும்.

இங்கே நான் பார்த்த பொறிகள் மூன்று.

ஒன்று, பெயர். ஆதாரில் ஒரு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்து என்றால் விண்ணப்பம் திரும்பும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இரண்டு, குறைபாட்டின் வகை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் உள்ளன. பல்வகைக் குறைபாடு அதில் தனி வகை. பிள்ளைக்கு உடலியக்கம், பார்வை, அறிவுத்திறன் மூன்றிலும் சிரமம் இருக்கும்போது சான்றிதழில் ஒன்றை மட்டும் எழுதி முடித்துவிடுவது உண்டு. கண் அறிக்கையும் காது அறிக்கையும் கையில் இருந்தால் மருத்துவக் குழுவிடம் காட்டிக் கேட்கலாம். அறிக்கை இல்லாமல் போனால் கேட்க முடியாது.

மூன்று, காலாவதித் தேதி. சிறுபிள்ளைகளுக்குத் தற்காலிகச் சான்றிதழ் தருவது வழக்கம். அந்தத் தேதியை உங்கள் நோட்டின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதிவையுங்கள்.

அட்டை வந்ததும் எமிஸ் எனும் பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில் மாற்றுத்திறன் மாணவர் என்று ஏற்றச் சொல்லுங்கள். அது ஏறாவிட்டால் சிறப்பாசிரியர் வருகை, இயன்முறைப் பயிற்சி, உபகரணம் எதிலும் பிள்ளையின் பெயர் வராது. தகுதி உள்ள பிள்ளைகளுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. பாப்பாவின் அப்பா கொத்தனார். ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் ஒரு நாள் கூலி போகும். அதனால் ஒரே நாளில் இரண்டு வேலை முடிகிற மாதிரி நாம் முன்கூட்டியே விசாரித்துச் சொல்வது பெரிய உதவி.

அட்டை வரும்வரை பாடத்தைத் தொடங்காமல் இருக்காதீர்கள். கற்றுக்கொடுக்கச் சான்றிதழ் தேவையில்லை.

3. ஒரு மணி நேரக் கூட்டம்

யார் யார் வேண்டும்: அம்மா, அப்பா அல்லது பாட்டி, வகுப்பாசிரியர், வட்டார வள மையச் சிறப்பாசிரியர், முடிந்தால் இயன்முறை மருத்துவர், தலைமையாசிரியர். சத்துணவில் சமையல் உதவியாளராக இருக்கும் அக்காவையும் கூப்பிடுங்கள். மதியம் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பது அவர்தான்.

சிறப்பாசிரியருக்குப் பல பள்ளிகள் இருக்கும். அவர் உங்கள் பள்ளிக்கு வரும் நாளைக் கேட்டு, அதற்கேற்ப நாள் குறியுங்கள். பெற்றோரை வரிசையாக உட்கார்ந்திருக்கும் அதிகாரிகள் முன்னால் உட்காரவைக்காதீர்கள். நாங்கள் வகுப்பில் பாயில் வட்டமாக உட்கார்ந்தோம், பாப்பா அம்மா மடியில் இருந்தாள்.

பெற்றோரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். அவளுக்கு எது ரொம்பப் பிடிக்கும்? வீட்டில் எந்த நேரம் உங்களுக்கு ரொம்பக் கஷ்டமான நேரம்? அடுத்த வருஷம் இந்நேரம் அவள் என்ன செய்தால் உங்களுக்கு நிம்மதி?

மூன்றாவது கேள்விக்கு நான் "எழுதணும், படிக்கணும்" என்ற பதிலை எதிர்பார்த்தேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தாகமா இருந்தா அவளே சொல்லணும் டீச்சர். நான் இல்லாத இடத்துல அவ தாகத்தோடவே இருந்துடக் கூடாது" என்றார். எங்கள் முழு வருடப் பாடத்திட்டமும் அந்த ஒரு பதிலில் இருந்துதான் வந்தது.

4. மதிப்பீடு: பட்டியல் இருக்கிறது, அதை எப்படிப் பயன்படுத்துவது

சிறப்பாசிரியர்கள் பொதுவாக இரண்டு பட்டியல்களில் ஒன்றை எடுப்பார்கள். ஒன்று எம்.டி.பி.எஸ்., அதாவது மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம். நம் சென்னையில் உருவானது. 18 துறைகள், துறைக்கு 20 வீதம் 360 திறன்கள். மற்றொன்று செகந்திராபாத்தில் உள்ள அறிவுத்திறன் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனத்தின் எஃப்.ஏ.சி.பி. என்ற பட்டியல். இரண்டும் சாப்பாடு, உடை, பேச்சு, எண், சமூகப் பழக்கம் என்று பிள்ளையின் அன்றாடத்தை எடுத்துக்கொள்பவை. இவை கையில் இருப்பது பெரிய வசதி.

ஆனால் கையும் கண்ணும் ஓரளவு வேலை செய்யும் பிள்ளைகளுக்குத்தான் இந்தப் பட்டியல்கள் எளிதாகப் பொருந்தும். கை விரியாத பிள்ளைக்கு "டம்ளரைப் பிடித்துக் குடிப்பாள்" என்ற வரிக்கு நேராக "இல்லை" என்று போட்டால், அவளுக்குக் குடிப்பது பற்றி ஒன்றும் தெரியாது என்பதுபோல ஆகிவிடும். அதனால் ஆம், இல்லை என்று இரண்டோடு நிறுத்தாமல், எந்த உதவியோடு செய்கிறாள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். "டம்ளர் உதட்டைத் தொட்டதும் வாய் திறக்கிறாள்", "டம்ளரைப் பார்த்ததுமே வாய் திறக்கிறாள்" – இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது பாருங்கள். அந்தத் தூரம்தான் நீங்கள் கற்றுக்கொடுக்கப் போவது.

கண், காது, உடலியக்கம், பேச்சு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் உள்ள நிப்மெட் நிறுவனம் இருக்கிறது. பல்வகைக் குறைபாட்டுக்கென்றே உள்ள மத்திய அரசு நிறுவனம். வெளியூரில் இருந்து போகிறவர்கள் ஒரு நாளில் முடியும் என்று நினைத்துப் போகாதீர்கள். பிள்ளை களைத்துவிட்டால் அன்றைய பரிசோதனை சரியாக வராது.

அறிவுத்திறன் சோதனை எண்ணை வைத்துப் பாடத்திட்டம் போடாதீர்கள். அது சான்றிதழுக்கு வேண்டும். நாளைக் காலை என்ன கற்றுக்கொடுப்பது என்று அது சொல்லாது.

5. இலக்கு நான்கு போதும்

நான் முதலில் எழுதிய தனிநபர் கல்வித் திட்டத்தில் 22 இலக்குகள். ஒன்றையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை. ஒரு பருவத்துக்கு நான்கு. அவ்வளவுதான். ஒன்று தொடர்புகொள்வது பற்றி, ஒன்று உடம்பைப் பயன்படுத்துவது, ஒன்று வகுப்புப் பாடத்தில் இருந்து, ஒன்று மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து செய்வது.

இலக்கை எழுதும் விதத்தில்தான் பாதி வெற்றி. "தொடர்புத் திறன் மேம்படும்" என்று எழுதினால் அது மேம்பட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படி எழுதுங்கள்:

"மதிய உணவில் மஞ்சள் டம்ளரையும் தட்டையும் கறுப்புத் துணிமேல் காட்டும்போது, 20 நொடிக்குள் வேண்டியதைக் கண்ணால் பார்ப்பாள். 5 வாய்ப்பில் 4 முறை, தொடர்ந்து 3 நாள்."

எங்கே, எதைக் காட்டி, எவ்வளவு நேரத்துக்குள், எத்தனைக்கு எத்தனை – நான்கும் அதில் இருக்கின்றன. நீங்கள் விடுப்பில் போனாலும் வேறொருவர் இதைப் படித்து அப்படியே செய்ய முடியும். பக்கத்திலேயே இன்றைய நிலையையும் எழுதுங்கள். பாப்பாவுக்கு டிசம்பர் முதல் வாரம் 5-க்கு 1.

பெற்றோர் கையெழுத்து வாங்குங்கள், ஒரு நகலை அவர்களிடம் கொடுங்கள். படிக்கத் தெரியாத அம்மா என்றால் போனில் குரல் பதிவாக அனுப்புங்கள்.

6. வகுப்புப் பாடத்தோடு கோர்ப்பது

பலரும் தடுமாறுவது இங்கேதான். பிள்ளையின் திட்டம் ஒரு கோப்பில் இருக்கும், வகுப்பு தன்பாட்டுக்கு நடக்கும், பிள்ளை கடைசி மூலையில் ஒரு பொம்மையோடு இருப்பாள். அது ஒரே கூரையின் கீழ் இரண்டு பள்ளி. உள்ளடக்கிய கல்வி என்று அதைச் சொல்ல முடியாது.

தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை நடத்தியவர்களுக்கு இது புதிதில்லை. அரும்பு, மொட்டு, மலர் என்று ஒரே பாடத்தை மூன்று நிலையில் ஒரே வகுப்பில் நடத்தியிருக்கிறோம். அரும்புக்கும் முன்னால் ஒரு நிலை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள். மேலிருந்து கீழாக அன்றைய பாடவேளைகள். இடமிருந்து வலமாக நான்கு இலக்குகள். எந்தப் பாடவேளையில் எந்த இலக்கு இயல்பாக நுழையும் என்று பார்த்து, அந்தக் கட்டத்தில் ஒரே வரி எழுதுங்கள். எல்லாக் கட்டத்தையும் நிரப்பாதீர்கள். எங்கள் தாளில் ஒரு நாளுக்கு ஏழு கட்டம்தான் நிரம்பியிருந்தது.

ஒரு பாடத்தை முழுசாகச் சொல்கிறேன். கணக்கில் பணம், கடை, சில்லறை. வகுப்பில் சந்தை போட்டோம். பாப்பா காய்கறிக் கடைக்காரி. அவள் முன்னால் கறுப்புத் துணி விரித்த பலகை, அதன்மேல் இடது பக்கம் ஒரு தக்காளி, வலது பக்கம் ஒரு மஞ்சள் எலுமிச்சை. வேறு எதுவும் இல்லை. மற்ற பிள்ளைகள் வந்து, "கடைக்காரம்மா, இன்னைக்கு எது நல்லா இருக்கு?" என்று கேட்க வேண்டும். பாப்பா எதைப் பார்க்கிறாளோ அதை எடுத்துக்கொண்டு, அதற்கான காசை எண்ணி அவள் தட்டில் போட வேண்டும்.

முதலில் வந்த பையன் அவசரத்தில் தக்காளியை எடுத்துவிட்டான். "அவ இன்னும் சொல்லலையே, பொறு" என்றேன். எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று கேட்டான். இருபது வரை எண்ணு என்றேன். அவன் சத்தமாக எண்ணினான். இரண்டாவது ஆள் வந்தபோது வகுப்பே சேர்ந்து எண்ணியது. பதினாறில் பாப்பா எலுமிச்சையைப் பார்த்தாள். பிள்ளைகள் கத்திய கத்தில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

அந்த நாற்பது நிமிடத்தில் மற்றவர்களுக்குப் பணம் எண்ணும் பாடம் நடந்தது. பாப்பாவுக்கு 'தேர்ந்தெடுத்தல்' என்ற இலக்கு பதினோரு முறை நடந்தது. தனியாக உட்காரவைத்திருந்தால் ஐந்து முறையில் சலித்துப்போயிருப்பாள்.

தமிழ்ப் பாட்டு வேளையில் வேறு மாதிரி. குரல் பதியும் பொத்தான் ஒன்றில் ஒரு தோழி பாட்டின் கடைசி அடியைப் பாடிப் பதிவுசெய்தாள். எல்லோரும் பாடி அந்த அடி வந்ததும் நிறுத்துவார்கள். பாப்பாவின் இடது மணிக்கட்டு பொத்தான்மேல் விழுந்தால்தான் பாட்டு முடியும். சூழ்நிலையியலில் விதை முளைக்கும் பாடத்துக்கு ஈர மண்ணில் அவள் உள்ளங்கையை வைத்தோம். வேருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ஈரம், உலர்ந்தது என்ற இரண்டு வேறுபாடு போதும், அதுவே அவள் பாடம்.

சில பாடங்களில் ஒன்றுமே பொருந்தாது. அப்போது வலிந்து கோர்க்காதீர்கள். அந்த நேரத்தை நிற்கவைக்கும் பலகைக்கோ கழிப்பறைக்கோ கொடுங்கள்.

7. உடம்பு சரியாக உட்கார்ந்தால்தான் பாடம்

இடுப்பும் தலையும் தாங்கல் இல்லாமல் சரிந்துகிடந்தால், பிள்ளையின் முழுச் சக்தியும் விழாமல் இருப்பதற்கே போய்விடும். பாதம் தரையிலோ பலகையிலோ பதிய வேண்டும், முட்டி மடங்கியிருக்க வேண்டும், தலை நேராக இருக்க வேண்டும். இயன்முறை மருத்துவர் உட்காரவைத்துக் காட்டும்போது நான்கு பக்கமும் போட்டோ எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். அரை மணிக்கு ஒருமுறை நிலையை மாற்றுங்கள்.

சாப்பாடு: படுத்த நிலையிலோ தலையைப் பின்னால் சாய்த்தோ ஒருபோதும் ஊட்டாதீர்கள். உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நிமிர்ந்து உட்காரவைத்து, மசித்து, சின்னக் கரண்டியில், ஒரு வாய் விழுங்கியது தெரிந்த பிறகு அடுத்தது. முட்டையைச் சாம்பாரோடு நன்றாக மசித்துக் கொடுத்தோம். முடிந்ததும் அரை மணி நேரமாவது நிமிர்ந்தே இருக்கட்டும். சாப்பிடும்போது அடிக்கடி இருமல், புரையேறல் என்றால் உடனே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

வலிப்பு வந்தால்: பக்கவாட்டில் படுக்கவைக்கவும், தலைக்குக் கீழே மென்மையான துணி, மணி பார்க்கவும். கையில் சாவியோ இரும்போ கொடுக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம், பிடித்து அழுத்த வேண்டாம், தண்ணீர் தர வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் 108. இதை ஒரு தாளில் எழுதி, அம்மாவின் போன் எண்ணோடு, எல்லா ஆசிரியர்களும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள்.

எங்கள் பாடவேளை அட்டவணையும் இதனால்தான் மாறியது. காலை மயக்க நேரத்தில் பாப்பாவுக்கு நீட்டுப் பயிற்சியும் பாட்டும். முக்கியமான இலக்குகள் எல்லாம் பதினொரு மணிக்கு மேல். மருந்து நேரத்தை மருத்துவரைக் கேட்காமல் மாற்றச் சொல்லிப் பெற்றோரிடம் சொல்லிவிடாதீர்கள். பாடத்தை மாற்றுவதுதான் நம் கையில் இருக்கிறது.

8. பொருளும் செலவும்

நான் செலவழித்தது: கறுப்புத் துணி, மஞ்சள் டம்ளர், வெல்க்ரோ ஒட்டுப்பட்டை, 12 போட்டோ பிரிண்ட், லேமினேஷன் எல்லாம் சேர்த்து 640 ரூபாய். குரல் பதியும் பொத்தான் 450. பழைய போன் ஒன்று இருந்தால் அந்த 450-ம் மிச்சம்.

தாங்கல் நாற்காலி, சக்கர நாற்காலி போன்றவற்றைக் கடையில் வாங்காதீர்கள். வட்டார முகாமில் அளவு எடுத்து அலிம்கோ எனும் மத்திய அரசு உபகரண நிறுவனம் மூலம் இலவசமாகத் தருவார்கள். அளவு எடுத்து மாதங்கள் கழித்துத்தான் பொருள் வரும். பிள்ளை அதற்குள் வளர்ந்திருப்பாள். வந்த அன்றே உட்காரவைத்துப் பார்த்து, பொருந்தாவிட்டால் அங்கேயே சொல்லுங்கள். அதுவரை எங்கள் ஊர் தச்சர் ஒரு மூலை நாற்காலி செய்து கொடுத்தார், மரம் பள்ளியில் கிடந்த உடைந்த பெஞ்சு.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியில் ஒரு மாற்றுத்திறன் மாணவருக்கு ஆண்டுக்கு 3500 ரூபாய் என்று கணக்கு உண்டு, மாணவிகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதம் ஊக்கத்தொகையும் உண்டு. அந்த 3500 உங்கள் கைக்கு வரும் பணம் இல்லை. பயிற்சி, உபகரணம், முகாம் என்று போகும். ஆனால் போக்குவரத்துப்படி, துணையாள் படி பற்றி வட்டார வள மையத்தில் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டது மறந்துபோகும்.

படம் காட்டிப் பேசவைக்கும் ஆவாஸ் போன்ற செயலிகள் நல்லவை. ஆவாஸ் சென்னையில் உருவானது, தமிழிலும் இருக்கிறது. ஆனால் இரண்டு பொருளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பழகாத பிள்ளைக்குத் திரை நிறைய படங்கள் குழப்பம்தான். பார்வைக் குறை உள்ள பிள்ளைக்கு இன்னும் கஷ்டம். முதலில் உண்மையான டம்ளர், அப்புறம் அதே டம்ளரின் போட்டோ, அப்புறம்தான் படம்.

9. குறித்து வையுங்கள், பருவத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்

தினமும் இரண்டு நிமிடம். இலக்குக்கு நேராக 5-க்கு எத்தனை என்று ஒரு எண். வலிப்பு வந்த நாளையும் தூங்காத இரவையும் பக்கத்தில் ஒரு குறியிட்டுக் காட்டுங்கள். அது இல்லாவிட்டால் எண் ஏன் இறங்கியது என்று மூன்று மாதம் கழித்துத் தெரியாது. மாதம் ஒருமுறை ஒரு நிமிட வீடியோ எடுங்கள், பெற்றோர் சம்மதத்தோடு. பொதுக் குழுக்களில் போடாதீர்கள்.

பாப்பா ஜனவரியில் 5-க்கு 3. பொங்கல் விடுமுறை கழித்து 1-க்கு இறங்கியது. நான் பயந்துபோனேன். வீட்டில் விடுமுறையில் யாரும் டம்ளர் காட்டிக் கேட்கவில்லை என்று விசாரித்ததில் தெரிந்தது. அதன்பின் அதே மஞ்சள் டம்ளரில் இன்னொன்றை வாங்கி வீட்டுக்குக் கொடுத்தோம். மார்ச்சில் 4.

ஆறு வாரம் எண் நகரவே இல்லை என்றால் பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள். இலக்கு பெரிதாக இருக்கும், அல்லது பொருள் தெரியவில்லை, அல்லது உட்காரும் நிலை சரியில்லை. மூன்றையும் இந்த வரிசையில் சரிபாருங்கள்.

தேர்வு பற்றி ஒரு வார்த்தை. பின்னாளில் பத்தாம் வகுப்புவரை போகும் பிள்ளைகளுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு நெருங்கும்போது தொடங்கினால் கிடைக்காது.

10. "வீட்டிலேயே இருக்கட்டும்" என்று யாராவது சொன்னால்

கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தப்படி பல்வகைக் குறைபாடும் தீவிரக் குறைபாடும் உள்ள பிள்ளைக்கு வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. தேர்ந்தெடுப்பது பெற்றோர். பள்ளி முடிவு செய்து அனுப்புவதற்கு அந்தத் திருத்தத்தில் இடமில்லை. 2016 சட்டத்தின் 31-ஆம் பிரிவு, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்று சொல்கிறது.

எங்களுக்கும் ஒரு அதிகாரி அப்படிச் சொன்னார். பாப்பாவின் அம்மா தயங்கிவிட்டார். "நீங்க முடிவு பண்ணுங்கம்மா. எதுவானாலும் நான் கூட இருக்கேன்" என்றேன். மழைக்காலத்தில் சளி பிடித்தால் வாரம் இரண்டு நாள் வீட்டில், மற்ற நாள் பள்ளியில் என்று முடிவானது. வீட்டு நாட்களுக்கும் அதே நான்கு இலக்குதான். வீட்டுக்கென்று தனிப் பாடத்திட்டம் எழுதாதீர்கள்.

11. ஏப்ரல் கடைசி வாரம்: அடுத்த ஆசிரியருக்கு ஒரு பக்கம்

இதை விட்டுவிட்டால் அடுத்த ஜூனில் புள்ளி வைத்த 'அ' மறுபடி தொடங்கும். ஒரே பக்கம், பிள்ளையே பேசுவதுபோல் எழுதுங்கள். மூன்றாம் வகுப்பு ஆசிரியரை ஏப்ரலிலேயே இரண்டு நாள் மதிய உணவு நேரத்தில் வந்து உட்காரச் சொல்லுங்கள். எங்கள் தாளை அப்படியே தருகிறேன்:

"காலை பத்தரை வரை எனக்கு மயக்கமாக இருக்கும், கோபிக்காதீர்கள். மஞ்சள் நிறம் தெரியும். பொருளைக் கறுப்புத் துணிமேல், கொஞ்சம் அசைத்துக் காட்டுங்கள். கேள்வி கேட்டால் இருபது வரை எண்ணுங்கள், என் வகுப்பில் எல்லோருக்கும் அது தெரியும். இடது மணிக்கட்டு என் கை. நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுங்கள். மேலே பார்த்தால் ஆம். டம்ளரைப் பார்த்தால் எனக்குத் தாகம்."